ஆறு பிழைகளின் கணக்கு: நேரு பிளேஸ் கணினியும் மெதுவாக எழுதிய சிடி ரைட்டரும்

2004-ஆம் ஆண்டையொட்டித் தில்லி நேரு பிளேஸில் பாகம் பாகமாக வாங்கிக் கோக்கப்பட்ட ஒரு வீட்டுக் கணினியை எண்ணிக்கொள்வோம். எல்லாப் பாகங்களும் புதியவை. சிடி ரைட்டரின் முகப்பில் 52 எக்ஸ் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் சில வாரங்களில் 700 மெகாபைட் கொண்ட ஒரு குறுந்தகடு மூன்று, நான்கு நிமிடங்களில் எழுதப்பட்டு வெளியே வருகிறது. பின்னொரு நாள் அதே வேலைக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மவுஸின் அம்பு திக்கித் திக்கி நகர்கிறது, பின்னணியில் ஓடும் பாட்டு அறுபடுகிறது. வைரஸ் என்கிறார் ஒருவர், மலிவான தகடு என்கிறார் மற்றொருவர், ரைட்டரே போய்விட்டது என்கிறார் கடைக்காரர். பெரும்பாலும் இம்மூன்றில் எதுவுமே காரணம் இல்லை.

தொழில்நுட்ப வரலாறு பயில்வோர் இக்கோளாற்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. காலத்தைத் துல்லியமாகச் சுட்டக்கூடிய கோளாறு இது. ஏறத்தாழ 2000-க்கு முன் இதே வடிவில் இது இருந்திருக்க முடியாது. அப்பத்தாண்டு முடிவதற்குள் மறையத் தொடங்கிவிட்டது. அந்த இடைவெளியில்தான் நம் பல்கலைக்கழகத் துறைகளின் களப்பதிவுகளும், நூலகங்கள் செய்த நகலெடுப்புகளும், ஆய்வேடுகளின் மின்வடிவங்களும் பெருமளவில் குறுந்தகடுகளில் ஏறின. அத்தகடுகள் இன்றைய நம் ஆவணங்கள்.

முதலில் கணினி பிறந்த இடம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கணினி, கணினிப் பாகங்கள் ஆகியவற்றின் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005-இல் இல்லாமலாயிற்று. இவ்விரு முடிவுகளுக்கும் இடைப்பட்ட காலமே நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை தழைத்த காலம். பெருநிறுவனங்களின் பெயர் பொறித்த கணினிகளை வாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்கள் இத்தெருக்களில் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கின. மதர்போர்டு ஒரு கடையில், வன்தட்டு இன்னொரு கடையில், பெட்டியும் மின்வழங்கியும் மூன்றாவது கடையில். எல்லாவற்றையும் திருகாணி கொண்டு கோத்து, விண்டோஸை ஏற்றிக் கொடுப்பவர் ஓர் இளைஞர்; பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை.

இவ்வாறு பிறந்த கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் உண்டு. பாகமும் பாகமும் சேரும் இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ரைட்டரைத் தயாரித்தவர் மதர்போர்டைக் கைகாட்டுவார். மதர்போர்டைத் தயாரித்தவர் விண்டோஸைக் கைகாட்டுவார். கடைக்காரரோ மின்சாரத்தைக் கைகாட்டுவார். மெதுவாக எழுதும் கோளாறு குடியிருந்தது சரியாக இந்தச் சேருமிடத்தில்தான். அதனாலேயே அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

சேருமிடம் என்று நான் சொல்வது கண்ணால் பார்க்கக்கூடியது: மதர்போர்டிலிருந்து வன்தட்டுக்கும் ரைட்டருக்கும் செல்லும் சாம்பல் நிறத் தட்டைக் கேபிள். இதில் இரண்டு வகை உண்டு. பழையதில் 40 கம்பிகள். புதியதில் 80 கம்பிகள். கூடுதலாக வந்த 40-உம் தரவைச் சுமப்பதில்லை, பக்கத்துக் கம்பிகளின் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காக்கும் தரைக்கம்பிகள் அவை. இரண்டுக்கும் முனையிலுள்ள செருகிகளின் அளவு ஒன்றே. ஆகவே எதை எங்குச் செருகினாலும் பொருந்திவிடும். கணினி ஓடவும் ஓடும். வினாடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேற்பட்ட வேகங்களுக்கு 80 கம்பி கட்டாயம். ரைட்டருக்கு 40 கம்பியே போதும் என்று பல அட்டைப்பெட்டிகளில் அதையே வைத்து விற்றார்கள். அந்த அளவில் அது சரிதான். வன்தட்டையும் ரைட்டரையும் அதே 40 கம்பிக் கேபிளில் கோத்தபோதுதான் வன்தட்டும் சேர்ந்து வேகம் இழந்தது. கேபிளின் நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது தரநிர்ணயம். பெட்டி உயரமாக இருந்தால் நீளமான கேபிளைத் தேடி வாங்கியவர்களும் உண்டு.

இனி, அக்கேபிளின் வழியே தரவு நகரும் முறை. இரண்டு முறைகள் உள்ளன. பி.ஐ.ஓ. என்பதில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் பிராசசரே கையால் அள்ளி நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே இறைக்க வேண்டும். டி.எம்.ஏ. என்பதில் பிராசசர் கட்டளை மட்டும் இட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். கட்டுப்படுத்தும் சில்லு நினைவகத்தோடு நேரடியாகப் பேசிக்கொள்ளும். பின்னது நவீனமானது, முன்னது பழமையானது என்று நினைக்கத் தோன்றும். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி. கணினியில் வன்தட்டுக்கு டி.எம்.ஏ. முறையைக் கைவிட்டுப் பி.ஐ.ஓ.வுக்குத் திரும்பினார்கள். அந்தக் கணினியிலிருந்த டி.எம்.ஏ. சில்லைவிட 80286 பிராசசரே வேகமாகத் தரவை இறைத்தது என்பதே காரணம். பொறியியல் நோக்கில் அது சரியான முடிவு. அம்முடிவின் மேல்தான் பிற்காலத்து ஐ.டி.இ. இணைப்பு கட்டப்பட்டது, எல்லாம் தவறினால் ஒதுங்க ஓர் அடித்தளமாகப் பி.ஐ.ஓ. இறுதிவரை உள்ளே இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து நேரு பிளேஸ் கணினி வழுக்கி விழுந்தது அந்த அடித்தளத்துக்குத்தான்.

விழச் செய்தது எது என்பதே இக்கதையின் நடுப்பகுதி. 1990களின் பிற்பகுதியில் அல்ட்ரா டி.எம்.ஏ. வந்தபோது வேகம் கூடியது. வேகம் கூடியதால் கேபிளில் பிழை நேரும் வாய்ப்பும் கூடியது. எனவே ஒவ்வொரு முறை தரவு கடக்கும்போதும் சி.ஆர்.சி. எனும் சரிபார்ப்பு எண் சேர்த்தனுப்பப்பட்டது. எண் பொருந்தவில்லை என்றால் தரவை மீண்டும் அனுப்பலாம். விண்டோஸ் எக்ஸ்பியின் வட்டு இயக்கி இதற்கு மேலும் ஒரு படி சென்றது. சி.ஆர்.சி. பிழையும், வட்டு உரிய நேரத்தில் பதில் தராத நிகழ்வும் மொத்தம் ஆறு ஆனால், இணைப்பு நம்பத்தகாதது என்று முடிவு செய்து வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். பிழைகள் தொடர்ந்தால் இன்னும் இறக்கும், கடைசியில் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்தும். இதை மைக்ரோசாப்ட் தன் உதவிக் குறிப்பொன்றில் வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

கவனிக்க வேண்டிய சொல் 'மொத்தம்'. ஆறு பிழைகளும் ஒரே நாளில் நேர வேண்டியதில்லை. ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் இரண்டு, மழைக்காலத்தில் மூன்று என்றாலும் கணக்கு ஆறுதான். இடையில் எத்தனை ஆயிரம் முறை தரவு பழுதின்றிக் கடந்திருந்தாலும் அது கணக்கைக் குறைப்பதில்லை. கணினியை அணைத்துப் போட்டாலும் தாழ்த்தப்பட்ட நிலை ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டு நிலைத்திருக்கும். திரையில் எச்சரிக்கை ஏதும் வராது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐ.டி.இ. சேனலின் பண்புகளில் இரண்டாவது தாவலைப் பார்த்தால் மட்டுமே தெரியும்: மேலே 'டி.எம்.ஏ. இருந்தால் பயன்படுத்து' என்று நாம் தேர்ந்தது அப்படியே இருக்கும். அதன் கீழே, நடப்பு நிலை பி.ஐ.ஓ. என்று சாம்பல் நிற எழுத்தில் இருக்கும்.

ரைட்டர் உரிய நேரத்தில் பதில் தராமல் போவது எப்போது? கீறல் விழுந்த தகட்டை உள்ளே இட்டால். லேசர் அந்தக் கீறலைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று திணறும்போது, மேலேயிருக்கும் இயக்கி காத்திருந்து காத்திருந்து அதைப் பிழையெனக் குறித்துக்கொள்ளும். ஆறு என்ற எண்ணை நிர்ணயித்த பொறியாளர்கள் கேபிள் பழுதை மனத்தில் கொண்டிருந்திருப்பார்கள் என்றே கருதுகிறேன். அந்த எண் இந்தியாவில் சந்தித்தது வேறு உலகத்தை. வாடகைக்கு எடுத்த வி.சி.டி., நடைபாதையில் வாங்கிய திரைப்படத் தகடு, விடுதியில் முப்பது அறைகளைச் சுற்றிவந்த மென்பொருள் தொகுப்பு, தூசு படிந்த லென்ஸ், ஏறி இறங்கும் மின்னழுத்தம். ஒரே மாலையில் ஆறு பிழைகளை எட்டிவிடக்கூடிய சூழல் இது. கேபிளில் எந்தக் குறையும் இல்லாத கணினியும் இதே தண்டனையைப் பெற்றது.

வேகக் கணக்கையும் சொல்லிவிடலாம். குறுந்தகட்டின் ஒரு எக்ஸ் என்பது வினாடிக்கு 150 கிலோபைட். 52 எக்ஸ் என்றால் 7.8 மெகாபைட். பி.ஐ.ஓ.வின் மிக உயர்ந்த நிலை ஏட்டளவில் 16.6 மெகாபைட் தரும். ஆகவே தாளில் போட்டுப் பார்த்தால் குறுந்தகட்டுக்குப் பி.ஐ.ஓ.வே போதும் என்று தோன்றும். நடப்பில், வன்தட்டிலிருந்து படிப்பதும் ரைட்டருக்கு அனுப்புவதும் ஒரே பிராசசரின் தலையில் விழும்போது அதில் ஒரு சிறு பங்கே கிட்டும். டிவிடி விஷயத்தில் ஏட்டுக் கணக்கே இடிக்கும்: ஒரு எக்ஸ் வினாடிக்கு 1385 கிலோபைட், 16 எக்ஸ் என்றால் 22 மெகாபைட். எனவே 2004-க்குப் பின் 16 எக்ஸ் டிவிடி ரைட்டர் வாங்கியவர்களுக்கே இக்கோளாறு மிகத் தெளிவாகத் தெரிந்தது. சில நிமிடங்களில் முடிய வேண்டிய தகடு அரை மணி நேரத்தைத் தாண்டி இழுத்தது. மெதுமை எல்லாமே கோளாறு என்று கொள்ளவும் வேண்டாம். 52 எக்ஸ் என்பது தகட்டின் வெளி விளிம்பை எட்டும்போது மட்டும் கிடைக்கும் உச்சம். உட்பகுதியில் அதன் பாதிக்கும் குறைவுதான். விளம்பரத்தை நம்பிக் கடிகாரம் பார்த்தவர்கள் ஏமாந்தது தனிக் கதை.

இப்போது காலக் கணக்குக்கு வருவோம். எழுதக்கூடிய குறுந்தகடு 1988-இல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனத்தில் உருவானது. 1990களில் அதை எழுதுவது சடங்கு போன்றது. லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் இடையில் நிற்க முடியாது. கணினி ஒரு கணம் தரவு தரத் தாமதித்தாலும் தகடு பாழ். எழுதும்போது மவுஸைத் தொடாதே, ஸ்கிரீன்சேவரை அணைத்துவை என்ற கட்டளைகள் அக்காலத்தவை. 2000-ஆம் ஆண்டு சான்யோ கொண்டுவந்த 'பர்ன் புரூஃப்' நுட்பம் இதை மாற்றியது: தரவு வரத் தாமதமானால் லேசர் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்தை நினைவில் வைத்து, தரவு வந்ததும் அங்கிருந்தே தொடரும். ஓரிரு ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் இதன் ஒரு வடிவைக் கையாண்டன. பாழான தகடு என்ற உரத்த தோல்வி ஒழிந்தது. மெதுவாக எழுதப்பட்ட தகடு என்ற மௌனமான தோல்வி அதன் இடத்தில் வந்தமர்ந்தது. 1998-இல் இதே பி.ஐ.ஓ. சிக்கல் இருந்திருந்தால் தகடு குப்பைக்குப் போயிருக்கும். பயனர் உடனே காரணத்தைத் தேடியிருப்பார். 2004-இல் அவர் காத்திருந்தார்.

தகடு மலிந்ததும் இதே காலத்தில்தான். 1983-இல் தொடங்கி, நெகிழ்வட்டுத் தயாரிப்பில் வளர்ந்த மோசர் பேயர் நிறுவனம் 1999-இல் நொய்டாவில் எழுதும் குறுந்தகடுகளைத் தயாரிக்கத் தொடங்கி, உலகின் பெரிய தயாரிப்பாளர்களுள் ஒன்றாயிற்று. தகடு சில ரூபாய்க்குக் கிடைக்கும் நிலையில், எழுதி எழுதி அடுக்குவதே சேமிப்பு என்றானது. (அந்நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தமிழ்த் திரைப்படங்களையும் அது மலிவு விலைத் தகடுகளாக வெளியிட்டதை இங்குப் பலர் நினைவுகூரக்கூடும்.)

தீர்வு எளிது. டிவைஸ் மேனேஜரில் பாதிக்கப்பட்ட ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் இயக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய கணக்கைத் துறந்து, டி.எம்.ஏ.வில் தொடங்கும். கேபிளே பழுது என்றால் சில நாள்களில் மீண்டும் விழும்; அப்போது கேபிளை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம், ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ஆனால் தெருவில் வழங்கிய தீர்வு வேறு: 'ஃபார்மட் அடித்துவிடலாம்.' வன்தட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. வியப்பு என்னவென்றால், அதுவும் வேலை செய்தது! ரெஜிஸ்ட்ரியோடு ஆறு பிழைகளின் கணக்கும் அழிந்துபோகும் அல்லவா? ரைட்டர் மறுநாளே பழைய வேகத்தில் எழுதும். வைரஸ்தான் காரணம் என்ற நம்பிக்கை உறுதிப்படும். கீறல் விழுந்த அடுத்த தகட்டோடு கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

பலன் தருகிற தவறான தீர்வு, பலன் தராத தீர்வைவிட அறிவுக்குப் பெரிய தடை என்பது மருத்துவ வரலாறு படித்தவர்களுக்குப் பழக்கமான செய்தி. இங்கு அதற்கு ஒரு விலையும் இருந்தது. சி பகுதியில் இருந்த அனைத்தும் போயிற்று: புகைப்படங்கள், கடிதங்கள், அரைகுறை ஆய்வேடுகள். போகக் கூடாதவற்றைக் காப்பாற்ற முன்கூட்டியே குறுந்தகட்டில் எழுத வேண்டும். எழுதும் கருவியோ கோளாறில் இருக்கிறது. அவசரத்தில், சரிபார்க்காமல் எழுதப்பட்ட தகடுகள் எத்தனை நம் அலமாரிகளில் உள்ளன என்பதை இன்றே எண்ணத் தொடங்கலாம்.

டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியான தம் நூலில், தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளின் தேதிகளையே கட்டிக்கொண்டு அழுவதை விட்டுப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் எழுத வேண்டும் என்று வாதிட்டார். ரவி சுந்தரம் தில்லியின் ஊடகச் சந்தைகளைப் பற்றி எழுதியபோது நேரு பிளேஸும் பாலிகா பஜாரும் வரலாற்றுக் களங்களாயின. இவ்விரு நோக்குகளையும் நான் மதிக்கிறேன். எனினும் திருட்டு நகல் என்ற பொருளின் மீதே நம் கவனம் குவிந்துவிட்டதால், அந்நகலைச் செய்த கருவி எப்படி ஓடியது, ஓடாதபோது யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வி பின்தங்கிவிட்டது என்பது என் குறை. 'கள்ளத்தகடு' என்ற சொல் சட்ட வரலாற்றில் எங்கும் உண்டு. அத்தகடு தன்னைப் படித்த கருவியை மெதுவாக்கிய செய்தி எங்கும் இல்லை. சான்றுகள் அரிதல்ல: அக்காலக் கடைகளின் விலைப்பட்டியல்கள், மதர்போர்டுக் கையேடுகள், தகட்டோடு வந்த பிசி குவெஸ்ட், டிஜிட் போன்ற இதழ்களின் வாசகர் கேள்விப் பக்கங்கள். தாளாக இருப்பதால் இவை தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர் யாரேனும் இதைக் கையிலெடுத்தால் மகிழ்வேன்.

கோளாறு தானாகவே ஓய்ந்தது. சாட்டா இணைப்பு தட்டைக் கேபிளை ஒழித்தது. அதன் மெல்லிய வடத்தில் 40, 80 என்ற குழப்பத்துக்கு இடமில்லை. விண்டோஸின் அடுத்தடுத்த பதிப்புகளில் இயக்கிகளும் மாறின. பிறகு பென் டிரைவ் வந்து ரைட்டரையே தேவையற்றதாக்கியது.

ஆனால் ஓரிடத்தில் அது திரும்பி வருகிறது. துறை அலமாரியில் கிடக்கும் பழைய குறுந்தகடுகளை வன்தட்டுக்கு மாற்ற முனைவோர், மடிக்கணினியில் தட்டு இல்லாததால், கிடங்கில் இருக்கும் எக்ஸ்பி கணினியைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் சாயப்படலம் மங்கிய தகடுகள், கீறல் விழுந்த தகடுகள், மேலே ஒட்டிய காகிதம் சுருங்கி வளைந்த தகடுகள். முதல் சில தகடுகளிலேயே ஆறு பிழைகள் நிறைந்துவிடும். அதன்பின் நல்ல தகடுகளும் ஊர்ந்துதான் படிக்கப்படும். பார்ப்பவர் எல்லாத் தகடுகளும் கெட்டுவிட்டன என்று எண்ணிப் பெட்டியை ஓரம் கட்டிவிடக்கூடும். ஆகவே இப்பணியில் இறங்குவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இயன்றால் யு.எஸ்.பி.யில் இணையும் டிவிடி டிரைவும், லினக்ஸில் ஓடும் டி.டி.ரெஸ்க்யூ நிரலும் பயன்படுத்துங்கள். படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாததைப் பின்னர் மீண்டும் முயலும் முறை அதில் உண்டு. ஒரு டிரைவ் படிக்காத தகட்டை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. எனவே இரண்டாவது ஒன்று கையில் இருக்கட்டும். ஒட்டிய காகிதத்தை உரிக்க முயலாதீர்கள், சாயத்துக்கு மேலிருக்கும் மெல்லிய உலோகப் படலமும் சேர்ந்து வரும். எக்ஸ்பி கணினி ஒன்றே வழியென்றால் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் ஐ.டி.இ. சேனலின் நடப்பு நிலையைப் பாருங்கள். வேலையைத் தொடங்குமுன் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்து அடுக்குங்கள். கீறல் விழுந்தவற்றைக் கடைசிக்கு வையுங்கள்.